ஐஸ் உடைக்கும் சத்தம், நாற்பது நிமிடம்

முதலில் மழையைத்தான் போட்டேன்.
எட்டு மணி நேர மழை, இடி இல்லாதது,
இலவசம், நடுநடுவே பற்பசை விளம்பரம்.
அதைக் கேட்டால் மனம் ஓரிடத்தில் நிற்குமென்றார்கள்.
பத்தாவது நிமிடம் எழுந்துபோய்
கட்டிலுக்கடியில் கிடந்த சர்டிபிகேட் பையைப்
பரண்மேல் தூக்கி வைத்திருக்கிறேன்.
வெளியே சுள்ளென்று வெயில்.
ரூபன் கேட்டான்:
"இன்னாக்கா, தண்ணி ஏறுதா?"

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டிலிருந்து நாலாவது வீடு.
கேட் போட்டால் இருபது நிமிடம்
ஹாரன்கள் ஒன்றையொன்று வைதுகொள்ளும்.
கீழே கிரில் கடை, கட்டிங் மெஷின்.
ஞாயிறென்றால் மூன்று சபைகளின் மைக்,
மூன்றிலும் வேறு வேறு அதிகாரம்.

இதற்கு நடுவில் என் வேலை:
யாரோ ஒருவர், எந்த ஊரோ,
ஏணியிலிருந்து விழுந்திருக்கிறார்.
இடது மணிக்கட்டா வலதா,
முதல் முறை வந்தாரா, கட்டுப் பிரிக்க வந்தாரா,
ஒரு எழுத்து தவறினால் பில் திரும்பிவிடும்.
நாளைக்கு எண்பது பேர்.
தொண்ணூற்றைந்து சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்
டீம் லீடரின் மெயிலில்
தடித்த எழுத்தில் நிற்பேன்.

மழைக்கு அப்புறம் கடல்.
அது எந்தக் கடலோ.
பாறாங்கல் இல்லை, டீசல் இல்லை,
எவனும் எவனையும் கயிறு பிடிடா என்று கத்தவில்லை.
காட்டுப் பறவைகளில் ஒன்று
சரியாக நாற்பத்திரண்டு நொடிக்கு ஒருமுறை கூவியது.
கண்டுபிடித்த பிறகு
அதற்காகவே காத்திருந்தேன்.
காபிக்கடை இரைச்சலில்
கரண்டி, கோப்பை, புரியாத பாஷை, எல்லாம் சரி;
ஒருத்தி மட்டும் சிரிக்கிறாள்.
எதற்குச் சிரித்தாளென்று
ஒரு முழு ஷிப்ட் யோசித்தேன்.

வஞ்சிரம் வாங்கத் தேசப்பனின் ஆட்டோவில்
காசிமேட்டுக்குப் போன விடியலில்தான்,
ஏலக் கூச்சலுக்கு அப்பால்,
அந்த மெஷினைக் கேட்டேன்.
ஐஸ் பாளத்தை ஒரு வாயில் தள்ளுகிறார்கள்.
கரகரவென்று அரைத்து
மறுவாயில் கூடைக்குள் கொட்டுகிறது.
கால் நனைய அங்கே நின்றபோது
தலைக்குள் யாரோ ஓர் அறையைக்
காலி செய்து பெருக்கிவிட்டதுபோல் இருந்தது.
போனை நீட்டிப் பிடித்து
நாற்பது நிமிடம் பதிந்தேன். கை வலித்தது.
தேசப்பன் வெயிட்டிங் கேட்டார், கொடுத்தேன்.

இப்போது அதுதான் ஓடுகிறது,
ஒரு ஷிப்டுக்குப் பன்னிரண்டு சுற்று.
கட்டிங் மெஷின் அதற்குள் கரைந்துபோகிறது.
ஹாரன்களும், மூன்று அதிகாரங்களும்.
சத்தத்தோடு எனக்குப் பகை இருந்ததில்லை போல.
என்னிடம் எதையாவது கேட்கிற சத்தத்தோடுதான்.
ஐஸுக்கு என்னிடம் ஆக வேண்டியது ஒன்றுமில்லை.

ஆனாலும் வலது காதில் மட்டும்தான் மாட்டுகிறேன்.
இடது காது தண்ணி லாரிக்கு.
ஒரு சின்ன ஹாரன், ஒரு நீள ஹாரன்.
கேட்டடியில் நூறு வண்டி அலறினாலும்
அந்த இரண்டு தனியாக வந்து சேரும்.
"பெனடிக்டா, லாரிடீ!" என்று
தனபாக்கியம் குரல் கொடுப்பதற்குள்
குடத்தோடு படியில் இருப்பேன்.
திரையில் அந்த மனிதர்
ஏணிக்கும் தரைக்கும் நடுவில்
அப்படியே நிற்பார், பாவம்.

சத்தத்தால் வரும் கேட்டுக்கும் ஒரு கோடு உண்டு.
நேற்று ஒருவருக்குப் போட்டேன்:
இருபது வருடம் ஏதோ பட்டறை, இரண்டு காதும்.
போட்டுவிட்டு
வால்யூமை இரண்டு புள்ளி இறக்கினேன்.

இறக்கியும் கேட்கிறது.
பன்னிரண்டாம் நிமிடத்தில்
மெஷின்காரர் பாளத்தைப் பாதியில் நிறுத்தி,
"யாரும்மா நீ, கார்ப்பரேஷனா?" என்கிறார்.
வெட்டியிருக்கலாம், இரண்டு நிமிட வேலை.
"இல்லண்ணே" என்று
ஒவ்வொரு சுற்றிலும் சொல்லிவிட்டு
அடுத்த மணிக்கட்டுக்குப் போகிறேன்.